ஆணிக் கம்பெனி ஆசீர்வாதத்தின் தாடை

இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் ஆசீர்வாதம் தாடையைக் காட்ட எங்கள் கிளினிக்குக்கு வந்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், டாக்டர் அருணகிரியிடம் அப்போது நான் பதினோரு வருடமாகக் கம்பவுண்டர். வாராவாரம் சனிக்கிழமை என்னிடம் வந்து தலைவலி மாத்திரை வாங்கிப் போகிறவன், தாடை வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய், அங்கே மரத்தடியில் கொறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவு என்கிற பல் பிடுங்குகிறவரிடம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறான்.

அப்பாவு கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தாராம். வேர் கெட்டுப்போச்சு என்றாராம். பிடுங்கினாராம். வலி நிற்கவில்லை என்று அடுத்த ஞாயிறு போனதற்கு, கெட்டது இது இல்லை, பக்கத்துப் பல்தான் என்று அதையும் பிடுங்கிவிட்டாராம். இரண்டையும் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தான். சொத்தை கிடையாது, கறை கிடையாது. எனக்கு அப்படி இரண்டு பல் இருந்தால் கரும்பு கடிப்பேன்.

"இதுல இன்னாய்யா கெட்டுப்போயிருக்கு?" என்றேன்.

"தெரியல சார். பல்லு போச்சு, வலி போவல."

"என்னாண்ட சொல்றதுக்கு வாய் வலிச்சுதா?"

"ஆமா சார், வாய்தான் வலிக்குது" என்றான். கிண்டல் இல்லை. அவனுக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. இப்படிப்பட்ட ஆளிடம் கோபித்துக்கொள்வதும் ஒன்று, சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. பெஞ்சில் உட்கார் என்றேன். உட்கார்ந்தான்.

அவன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

ஆசீர்வாதத்துக்கு ஊர் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு காலனி. அப்பன், ஆத்தாள் இரண்டு பேரும் பண்ணைக் கூலிகள். பன்னிரண்டு வயதில், நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு இடது கண்ணோரம் பளீர் பளீர் என்று ஏதோ மின்னியது. அரை மணி நேரத்தில் இடது பக்க மண்டையை யாரோ இரண்டாகப் பிளக்கிற மாதிரி இருந்தது. வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தான். பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "வேலையக் கண்டா தலவலி, சோத்தக் கண்டா சரியாப் பூடும்" என்றாராம். அன்று ஆரம்பித்த ஒற்றைத் தலைவலி. மாதத்தில் மூன்று முறை, நான்கு முறை வரும். வந்தால் இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனைகூட ஆகாது.

கூலிக்காரனுக்கு மாதத்தில் எட்டு நாள் படுக்கை என்றால் எவன் வேலை கொடுப்பான்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் செங்கல் சூளைக்குப் போனான், துரத்திவிட்டார்கள். அறுபத்து ஏழில் பொன்னேரி ரைஸ் மில்லுக்குப் போனான். சிமெண்டுக் களத்து வெயிலும் அவித்த நெல்லின் வாடையும் சேர்ந்து அவனை ஒரு வழி பண்ணிவிட்டது. அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். யாரும் நோயாளி என்று சொல்லி நிறுத்தவில்லை. சோம்பேறி என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், கால் ஒடிந்தால் கட்டு தெரியும், தலைவலியை யாரிடம் எடுத்துக் காட்டுவது? தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அவன் மனைவி செண்பகம் ஒருமுறை சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கே கோயில்ல பாதிரி ஐயரு ஜெபம் பண்ணிக்கினு இருக்கும்போது வெளிய ஓடிப் போயி வாந்தி எடுத்தாரு சார். எங்க சித்தி, மாப்புள குடிச்சிருக்காருன்னுச்சு. குடிச்சிருந்தாலே தேவல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

எழுபதுகளில் இந்தப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. நெல் விளைந்த இடத்தில் கூரைத் தகடு போட்டார்கள். அதில் ஒன்று ஆணிக் கம்பெனி. கம்பியைச் சுருள் சுருளாக உள்ளே விட்டால் மிஷின் வெட்டித் தலை தட்டி ஆணியாகத் துப்பும். அறுபது மிஷின் ஒன்றாகத் தட்டுகிற சத்தம். உள்ளே ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். ஒற்றைத் தலைவலிக்காரன் போய் நிற்கவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். ஆனால் ஆசீர்வாதம் அங்கேதான் போனான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்தக் கம்பெனியின் வழக்கம் இது. தற்காலிக ஆளுக்குத் தகர டோக்கன். இருநூற்று நாற்பது நாள் வேலை முடித்தவனுக்குப் பித்தளை டோக்கன், அதாவது பர்மனென்ட். நடுவில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வரவில்லை என்றால் தகர டோக்கனை வாங்கிக்கொண்டு பெயரை அடித்துவிடுவார்கள். கேட்டில் தினமும் நாற்பது, ஐம்பது பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவனை உள்ளே விட்டுவிடுவார்கள். பெயர் அடிபட்டவன் மறுபடி வந்தால் புது ஆள். ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

வலி வந்தால் ஒரு நாள் படுத்து மறுநாள் எப்படியாவது போய் நின்றும், ஆசீர்வாதம் முதல் தடவை எண்பத்தெட்டாம் நாள் விழுந்தான். இரண்டாம் தடவை நூற்று அறுபத்து மூன்றாம் நாள். இரண்டு தடவையும் தலைவலிதான். இரண்டாம் தடவை விழுந்த பிறகுதான் செண்பகம் அவனை எங்கள் டாக்டரிடம் இழுத்துவந்தாள். டாக்டர் அருணகிரி அப்போது புதிதாக வந்திருந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி ஆரம்பித்த உடனே ஒன்று, நிற்காவிட்டால் அரை மணி கழித்து இன்னொன்று, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தொடக்கூடாது என்று சொன்னார். நானும் ஒரு தடவை சொன்னேன். ஆசீர்வாதம் தலையை ஆட்டினான்.

மாத்திரை வேலை செய்தது. இருபத்து மூன்று வருடமாக அவனை அடித்துப்போட்ட வலி, ஒரு மாத்திரையில் ஒரு மணி நேரத்தில் இறங்கியது. மறுநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எழுபத்தெட்டு பொங்கல் கழித்து மூன்றாம் தடவையாக டோக்கன் வாங்கினான். அதிலிருந்து அவனிடம் என்ன கேட்டாலும் பதில் எண்தான். "இன்னா ஆசீர்வாதம், நல்லா கீறியா?" என்றால், "அறுபத்தி நாலு சார்" என்பான். "ஊட்ல சௌக்கியமா?" என்றால், "நூத்திப் பன்னெண்டு சார்" என்பான். நான் சிரிப்பேன். ஒருநாள் கேட்டேன், பர்மனென்ட் ஆகி என்னய்யா பண்ணப்போற, நிலம் வாங்கப்போறியா என்று.

"சிக் லீவு குடுப்பாங்க சார்" என்றான். "தலவலி வந்தா படுத்துக்கலாம். யாரும் இன்னான்னு கேக்க முடியாது."

இதற்காகத்தான் அந்த மனிதன் ஓடினான். நிம்மதியாக ஒரு தலைவலியில் படுத்துக் கிடப்பதற்கு.

தாடை வலி ஜூன் மாதம் ஆரம்பித்திருக்கிறது. கம்பெனி கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது நாலு வாய் மென்றதும் காதுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் விட்டுவிடும். மறுபடி மென்றால் மறுபடி வரும். கூட வேலை செய்கிறவர்கள், "இந்தச் சத்தத்துல எல்லாரும் பல்லக் கடிச்சுக்கினுதான நிக்கிறோம், அத்தொட்டு தாடை வலிக்குது" என்றார்களாம். நியாயமாகத்தான் இருந்தது. கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இட்லி ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆனது. சோற்றைக் குழைத்து விழுங்கினான். கருவாட்டை உறிஞ்சிப் போட்டான். ஒருநாள் வலி பொறுக்காமல் ஒரு துண்டை எடுத்துத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர்க் குடத்தோடு வந்த செண்பகம் பார்த்தாள். குடத்தை அப்படியே போட்டாள். ஓடிவந்து துண்டைப் பிடித்து இழுத்து அவிழ்த்து, அதாலேயே அவனை நாலு அடி அடித்தாள். தாடையை அப்படிக் கட்டுவது செத்தவர்களுக்குத்தான். வாய் பிளந்துகொள்ளாமல் இருக்கக் கட்டுவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும் இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

"உசுரோட கீற மனுசன் கட்டிக்கிற கட்டாய்யா இது?" என்று கேட்டு அழுதிருக்கிறாள். அவள் அழுததற்காகத்தான் அவன் பெரியபாளையத்துக்கே போனான். இதையெல்லாம் அவளே பின்னால் சொன்னாள்.

சரி, பெஞ்சுக்கு வருவோம். ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல். டாக்டர் அவனைக் கூப்பிட்டார். வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எதுவும் இல்லை. என்னிடம் திரும்பி, பக்கத்துக் கடையில் வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வாங்கிவந்தேன்.

"மெல்லு. நிறுத்தாம மெல்லு" என்றார்.

ஆசீர்வாதம் மென்றான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அவன் முகம் சுருங்கியது. கையைத் தாடைக்குக் கொண்டுபோனான்.

"இப்ப மெல்லாத. சும்மா இரு."

இரண்டு நிமிஷத்தில் வலி விட்டுவிட்டது என்றான். மறுபடி மெல்லச் சொன்னார். மறுபடி வந்தது. டாக்டர் அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவன் விரல்கள் பச்சைத் தண்ணீரில் நனைத்தெடுத்த மாதிரி சில்லென்று இருந்தன. நகத்தடி வெளுத்திருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்து, வெகுநேரம் தேடிப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"தலவலி மாத்திரை வாரத்துக்கு எத்தனை போடுற?"

ஆசீர்வாதம் கையை இழுத்துக்கொண்டு கடலைப் பொட்டலத்தை மடித்தான்.

"எத்தனைப்பா?"

"தெனம் ரெண்டு சார். சில நாளு மூணு."

"தினமும் தலவலி வருதா?"

"இல்ல சார். வந்தப்புறம் போட்டா அது நிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் ஆவுது. மிஷினாண்ட நிக்க முடியாது, சூப்பரைசர் ஊட்டுக்கு அனுப்பிடுவாரு. அத்தொட்டு வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கினு போயிட்றேன். ஷிப்டுக்குப் போவசொல்லோ ஒண்ணு, நடுவுல ஒண்ணு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு அவனுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "இந்த மாத்திரை ரத்தக்குழாயை இறுக்கும். தலைக்குப் போற குழாய் வீங்கிக்கிறதால உனக்கு வலிக்குது, அதை இறுக்கினா வலி நிக்குது. ஒரு மடைய அடைக்கச் சொல்லிக் குடுத்தா, நீ தினமும் போட்டு எல்லா மடையையும் அடைச்சு வெச்சிருக்க. மெல்றப்போ தாடைக்கு ரத்தம் வேணும், வர்றதில்ல, அதான் வலி. விரலுக்கும் வர்றதில்ல. இப்படியே போனா விரல் கறுத்துப்போகும், எடுக்க வேண்டிவரும். நெஞ்சுக்கு வராம போனா என்ன ஆவும்னு நான் சொல்லணுமா?"

"யாரு குடுத்தா இவ்வளவு மாத்திரை?" என்று அடுத்து கேட்டார்.

வாரத்துக்கு ஆறு மாத்திரை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாக. சீட்டு எழுதிய நாளுக்குப் பிறகு டாக்டரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மிச்சத்தை வேறெங்கோ வாங்குகிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதையும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்த வேண்டிவரும், நிறுத்தினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். ஆசீர்வாதம் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"பொன்னேரியில மெடிக்கல் ஷாப்புல வாங்குனேன் சார். எல்லாம் அங்கதான்" என்றான்.

நான் கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது, அவரிடம் நான் சொல்லவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இன்றைக்கே நிறுத்து என்றார் டாக்டர். ஆனால் நிறுத்தினால் தலைவலி திருப்பி அடிக்கும், பத்து நாள் படுத்தே கிடக்க வேண்டிவரும், இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி வரும், அதைத் தாண்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார்.

"பத்து நாளா?" என்றான் ஆசீர்வாதம்.

"நான் சர்டிபிகேட் தரேன்."

"டெம்பரவரிக்கு சர்டிபிகேட்டு வாங்க மாட்டாங்க சார்." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "இன்னிக்கி இருநூத்தி ஆறு. இன்னும் முப்பத்தி நாலு நாளு. அது முடிஞ்சதும் நிறுத்திட்றேன் சார். நிறுத்திட்டு சிக் லீவுல படுத்துக்கிறேன்."

"முப்பத்தி நாலு நாள் உன் உடம்பு தாங்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார் டாக்டர்.

ஆசீர்வாதம் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். என் மேஜைமேல் அந்த இரண்டு பற்கள் அப்படியே கிடந்தன.

அன்றே நான் செண்பகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். விரலைச் சொன்னேன், நெஞ்சைச் சொன்னேன். "நான் இனிமே ஒரு மாத்திரைகூடக் குடுக்க மாட்டேன். ஊட்ல நிறுத்த வெக்கிறது உன் பொறுப்பு" என்றேன். ஏழு மாதம் கொடுத்தது நான், நிறுத்த வைக்கிற பொறுப்பு அவளுக்கு. அழகான நியாயம்தான். அவள் கேட்டுக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள், அவன் பொன்னேரிக்கு ரயிலேறி வேறு வாங்கிவந்தான். அதைக் கிணற்றில் கொட்டினாள், மறுபடி வாங்கிவந்தான். சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள், கோயில் ஐயரை விட்டுப் பேசச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவான், எண்ணைச் சொல்வான். நெஞ்சில் ஒரு பக்கம் பிடிக்கிறது என்று ஒருநாள் அவனே வாய்தவறிச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு இருநூற்று முப்பது.

மறுநாளும் அவன் வேலைக்குப் போனான். முடிந்து வந்தான், படுத்தான். அதற்கு அடுத்த நாள் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் போதும். காலை பத்து மணிக்கு அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து தகர டோக்கனை எடுத்துக்கொண்டு செண்பகம் கம்பெனி கேட்டுக்கு நடந்தாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் அதை வைத்தாள். "இது ஆசீர்வாதத்தோட டோக்கன். அவரு இனிமே வேலைக்கு வர மாட்டாரு" என்றாள். கிளார்க் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பெயரை அடித்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்து, நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவனைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"மாத்திரைய ஒளிச்சு வெச்சா வேற வாங்கிக்கினு வந்துட்றாரு சார். கம்பெனிய எங்க போயி ஒளிச்சு வெப்பேன்? அதான் டோக்கன குடுத்துட்டேன்."

"எத்தனையாவது நாளு?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

"நேத்தோட இருநூத்தி முப்பத்தி ஒண்ணு" என்றாள். "ஊட்டுக்குப் போயி சொல்லணும். என்னா அடிச்சாலும் அடிக்கட்டும்."

அவன் அடிக்கவில்லை. சட்டையைக்கூடப் போடாமல் கம்பெனிக்கு ஓடினான். ஜன்னலில் கையை வைத்துக் கெஞ்சினான். பெண்டாட்டிக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிப் பார்த்தானாம். கிளார்க், "உன் எடத்துக்கு ஆளு உள்ள போயாச்சு. வேணும்னா நாளைக்கி வந்து லைன்ல நில்லு" என்றிருக்கிறான். அங்கிருந்து திரும்பியவன் கிளினிக் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா சார்?"

"டோக்கன் சங்கதி எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் நான்தான் சொன்னேன்."

"உங்கள நான் காட்டிக் குடுக்கல சார்" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பதிலாக என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கம்பெனி இல்லை என்றானதும் மாத்திரை எதற்கு? அவனே நிறுத்திவிட்டான். மறுநாள் விடிவதற்குள் தலைவலி வந்தது. டாக்டர் சொன்னது சரிதான், அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கோணி கட்டினாள், அக்கம்பக்கத்து ரேடியோவை நிறுத்தச் சொன்னாள், கோழியைக்கூடத் துரத்திவிட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். வாந்தி எடுத்தான், கஞ்சி குடித்தான், அதையும் வாந்தி எடுத்தான். பத்து நாளும் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவான். அவள் எடுத்துக் கொடுப்பாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்காமல் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் கோணியை எடுத்திருந்தார்கள். ஆசீர்வாதம் குளித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். கையைப் பிடித்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டில் நாடி தேட வேண்டியதே இல்லை, தொட்டதும் அடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செண்பகம் தட்டில் சோறு போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாயை அவன் குழைத்துத்தான் போட்டுக்கொண்டான், பழக்கம். இரண்டாவது வாயில் கருவாட்டை வைத்து மென்றான். மூன்றாவது, நான்காவது. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தாமல் சாப்பிட்டான், கை ஒரு தடவைகூடத் தாடைக்குப் போகவில்லை. தட்டு பாதி காலியானது.

"வலிக்குதாய்யா?" என்றாள் செண்பகம், மெதுவாக.

அவன் மென்றதை விழுங்கினான். "இல்ல" என்றான். பதினோரு நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த கவளத்தை உருட்டினான், வாய்வரை கொண்டுபோனான், தட்டிலேயே போட்டுவிட்டான்.

"இன்னும் ஒம்போது நாளுதாண்டி இருந்திச்சு" என்றான். தோள் குலுங்க, முப்பத்தாறு வயது ஆள், சோற்றுக் கையோடு அழுதான்.

செண்பகம் அவனைத் தேற்றவில்லை. "அந்த ஒம்போது நாளு உனுக்கு வேணும்னா இருந்திருக்கும். எனுக்கு யாரு இருந்திருப்பா?" என்றாள். குழம்புச் சட்டியை இழுத்து இன்னொரு கரண்டி ஊற்றினாள். "சாப்டு. சாப்ட்டு முடிச்சப்புறம் அழு."

அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கவளத்தை எடுத்து வாயில் போட்டு மென்றான். அழுதுகொண்டேதான் மென்றான், ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.